முடிவு தெரிந்தால் ஆட்டம் கெட்டுப்போகுமா? - பாரதக் கூத்து சொல்லும் பதில்

இந்த முறை கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் வரலாறு.

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. பேன்டஸி கேம் என்றால் அதற்கென்று தனி உலகமே இருக்கும். வரைபடம், ராஜ வம்சங்கள், சாமிகள், சாபங்கள், பழைய யுத்தங்கள் என்று ஒரு பெரிய புராணமே பின்னால் இருக்கும். அந்த உலகத்தின் ரகசியங்களை முன்கூட்டியே சொல்லலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. "யார் துரோகி, யார் சாகப்போகிறான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு ஆடுவது?" என்பது ஒரு கட்சி. "உலகத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தால்தான் ஆடவே ஆசை வரும்" என்பது எதிர்க்கட்சி. முடிவைச் சொல்லிக் கெடுப்பதற்கு 'ஸ்பாய்லர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆரணி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குப் பல தலைமுறைகளாகச் செய்முறை விளக்கம் நடந்துகொண்டிருக்கிறது. பகலில் கதையின் ரகசியத்தையெல்லாம் உடைத்துவிட்டு, அன்று இரவே அதே கதையை விடிய விடிய ஆடுகிறார்கள். பாரதக் கூத்தைத்தான் சொல்கிறேன். "தெரிந்த கதைதானே, இதைப் போய் யார் ராத்திரி முழுக்கப் பார்ப்பார்கள்? அதனால்தான் கூத்து அழிகிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வாதம் சரியா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பகலில் பிரசங்கம், இரவில் கூத்து

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை. வரலாறு படித்தவர்களுக்கு ஆரணிக் கோட்டையும், 1751-ல் கிளைவும் 1782-ல் ஹைதர் அலியும் இங்கே நடத்திய சண்டைகளும் நினைவுக்கு வரலாம். ஆனால் இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு மிக நெருக்கமான சண்டை குருக்ஷேத்திரத்துச் சண்டைதான். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்குள் ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். கோடையை ஒட்டி அங்கே அக்னி வசந்த விழா நடக்கும். கொடியேற்றம் முதல் தீமிதி வரை பத்து நாள், பதினெட்டு நாள், அதற்கு மேலும் ஊரின் வசதிக்குத் தக்கபடி நீளும்.

விழா நாட்களில் மதியத்துக்கு மேல் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருந்து பாட்டைப் பாடி, பொருள் சொல்லி, நடுநடுவே ஊர்க்கதையும் உபகதையும் சேர்த்துச் சாயங்காலம் வரை பேசுவார். இரவு பத்து மணி வாக்கில் அதே கதைப் பகுதி கூத்தாக ஆரம்பிக்கும். விடியும்வரை நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். பல அடி நீளத்துக்கு மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைப் பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, திரௌபதி அவிழ்த்த கூந்தலை முடிப்பாள். சாயங்காலம் தீமிதி.

இப்போது கவனியுங்கள். இரவு என்ன நடக்கும் என்பதைக் கோயில் நிர்வாகமே ஆள் வைத்து, மைக் வைத்து, பகலிலேயே சொல்லிவிடுகிறது. அதற்கு முன்பே நோட்டீஸ் அடித்து எந்த நாளில் எந்தக் கூத்து என்று ஊரெல்லாம் ஒட்டிவிடுகிறது. இன்றைய கணக்கில் இதைவிடப் பெரிய ஸ்பாய்லர் உண்டா?

சொல்லிவிடுவதுதான் பழைய வழக்கம்

பாரதத்தை ஊருக்குப் பொதுவில் வாசித்துச் சொல்லும் வழக்கம் இந்த மண்ணில் மிகப் பழையது. காஞ்சிபுரம் அருகே உள்ள கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு அதற்குச் சாட்சி. பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அந்த ஊர்க் கோயிலுக்கு விட்ட நிலத்தின் வருமானத்தைப் பங்கு பிரிக்கும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கூரத்துக்கும் ஆரணிக்கும் அதிக தூரம் இல்லை. ஆக, கதையைச் சொல்லிவிடுவதற்குச் சம்பளம் கொடுக்கும் பழக்கம் நம் வட்டாரத்தில் 1,300 ஆண்டுகளாவது பழையது!

பாண்டியர்கள் தங்கள் முன்னோர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதாகச் சின்னமனூர்ச் செப்பேட்டில் பெருமையாகப் பொறித்துக்கொண்டார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். 1400-ஐ ஒட்டிய காலத்தில் வில்லிபுத்தூரார் 10 பருவங்களில் சுமார் 4,300 பாடல்களாகப் பாடினார். அது போரோடு நின்றுவிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்து நல்லாப்பிள்ளை அதையே விரித்து 18 பருவங்களும் வரும்படி ஏறத்தாழ 14 ஆயிரம் பாடல்களாக ஆக்கினார்.

கதை ஒன்றுதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பெரிதாகிக்கொண்டே போகிறது. சொல்லச் சொல்லத் தீர்ந்துபோகிற சரக்காக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

காவியமே முடிவைச் சொல்லிவிடுகிறது

சமஸ்கிருத மகாபாரதத்தை எடுத்துக்கொள்வோம். நைமிசாரண்யத்து முனிவர்களிடம் சூத முனிவர் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே திருதராஷ்டிரன் புலம்பலாக முழுக்கதையும் வந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயம் ஒரு பொருளடக்கம். எந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது, அதில் எத்தனை அத்தியாயம் என்ற கணக்கு வரைக்கும் அதில் இருக்கிறது.

போர்ப் பருவங்கள் இன்னும் ஆச்சரியம். சஞ்சயன் போர்க்களத்தில் இருந்து ஓடிவந்து "பீஷ்மர் விழுந்துவிட்டார்" என்று முதலில் முடிவைத்தான் சொல்கிறான். "எப்படி விழுந்தார்?" என்று திருதராஷ்டிரன் கேட்கிறான். அதற்கப்புறம்தான் பத்து நாள் யுத்தமும் விரிகிறது. துரோணருக்கும் இதே வரிசை, கர்ணனுக்கும் இதே வரிசை. கேட்பவனின் ஆவல் 'என்ன ஆயிற்று' என்பதில் இல்லாமல் 'எப்படி ஆயிற்று' என்பதில் இருக்கிறது.

தமிழிலும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் படித்தால் கோவலன் கொலை, கண்ணகி மதுரையை எரித்தது எல்லாம் வந்துவிடும். நூலின் 30 காதைகளின் பெயரும் வரிசையாக வந்துவிடும். இருந்தும் யாராவது பதிகம் படித்தேன், போதும் என்று மூடி வைத்தார்களா?

திரைக்குப் பின்னால் யார்?

சரி, கூத்துக்கு வருவோம். கூத்தில் ஒரு பாத்திரம் வரும் விதமே நம் கேள்விக்குப் பாதி பதில். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் வேஷக்காரர் நின்று விருத்தம் பாடுவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். பாட்டிலேயே வந்திருப்பது யார் என்று சொல்லியாகிவிடும். திரை விலகிய பிறகும் கட்டியக்காரன் ஒன்றும் தெரியாதவன்போல "நீங்க யாரு?" என்று கேட்பான். ராஜா தன் நாடு, நகரம், பெருமை எல்லாவற்றையும் மறுபடி சொல்வார்.

பார்ப்பவருக்கு வந்தவன் துரியோதனன் என்று முன்பே தெரியும். முகத்தின் நிறமும், மரத்தில் செய்த கிரீடமும், புஜக்கட்டையும், மார்ப்பதக்கமும் சொல்லிவிடும். இந்தக் 'கட்டை'களை வைத்துத்தான் இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள். அப்படியும் திரை விலகுகிற அந்த நொடிக்காக ஜனங்கள் காத்திருக்கிறார்கள். யார் என்பது தெரியும், எப்படி வரப்போகிறான் என்பது மட்டும் தெரியாது. இன்று வேஷம் கட்டியிருப்பவர் எப்படிச் சுற்றி ஆடுவார், எந்தக் குரலில் எடுப்பார், கட்டியக்காரன் எங்கே மடக்குவான் என்பது அந்த இரவுக்கு மட்டுமே உரியது.

துகில் கூத்து நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணன் புடவை கொடுத்துக் காப்பாற்றுவான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. இது வேஷம்தான், என் மனசில் தப்பில்லை என்று சபையறியச் சொல்வார்கள். முடிவு தெரிந்ததால் பயம் குறையவில்லை. தெரிந்ததால்தான் பயமே வருகிறது.

கர்ண மோட்சம் இதைவிட நல்ல உதாரணம். கர்ணன் குந்தியின் மூத்த பிள்ளை என்பது பாரதத்தின் பெரிய ரகசியம். பார்வையாளர்களிடம் அது ரகசியமே அல்ல. ஆனால் கூத்துக்குள்ளே அவன் மனைவி பொன்னுருவிக்குத் தெரியாது. பிறப்பு தெரியாதவன், தேரோட்டி வீட்டுப் பிள்ளை என்று அவனை அலட்சியமாகவே நடத்தி வந்தவள் அவள். கடைசி யுத்தத்துக்குப் போகிற அன்றைக்குத்தான் கர்ணன் தன் பிறப்பைச் சொல்கிறான். அவளுக்கு உண்மை தெரிகிற நேரம், அவனுடைய சாவு நெருங்கிவிட்ட நேரம். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் களத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. கூட்டத்தின் கண்ணெல்லாம் அவள் முகத்தில்தான் இருக்கும். கர்ணன் சாவானா மாட்டானா என்று யாரும் கவலைப்படுவதில்லை. பொன்னுருவி இதைத் தாங்குவாளா என்பதுதான் கவலை. ரகசியத்தை நமக்கு முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி ஒரு திடுக்கிடலோடு முடிந்துபோயிருக்கும். சொல்லியிருப்பதால் அரை ராத்திரி அழவைக்கிறது.

தெரிந்தவனுக்குத்தான் காலி இடம் தெரியும்

இன்னொரு கோணமும் இருக்கிறது. கதையை நன்றாகத் தெரிந்துகொண்டவன் அதில் எங்கே எங்கே காலி இடம் இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடுகிறான். அங்கேதான் புது ஆட்டம் பிறக்கிறது.

அரவானைப் பாருங்கள். வியாச பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த இராவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். அங்கே அவன் ஒரு சின்னப் பாத்திரம்தான். தமிழில் பெருந்தேவனார் காலத்திலேயே அவன் போருக்கு முன் காளிக்குக் களபலி ஆகிறவனாக மாறிவிட்டான். அதன் பிறகு வளர்ந்துகொண்டே போய், கூத்தில் தனி ஒரு இரவுக்கு உரியவனாக ஆனான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிற விழாவுக்கே நாயகன் ஆகிவிட்டான்.

கர்ணன் மனைவிக்குப் பொன்னுருவி, துரியோதனன் மனைவிக்குப் பெருந்திருவாள் என்று கூத்து பெயரும் வாழ்க்கையும் கொடுத்தது. திரௌபதி அம்மன் கோயில் வாசலில் காவல் நிற்கும் போத்துராஜாவும் முத்தால ராவுத்தனும் வியாசரிடம் இல்லை. முத்தால ராவுத்தன் ஒரு முஸ்லிம் வீரன் என்பது இன்னும் விசேஷம். திரௌபதி செஞ்சியில் மறுபடி தோன்றினாள் என்று மேலச்சேரிக் கோயிலை மூலமாகச் சொல்கிற கதை இந்த வட்டாரம் முழுக்க உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இதையெல்லாம் ஊர் ஊராகத் திரிந்து தொகுத்து, திரௌபதி வழிபாடு பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார்.

ஆக, குருக்ஷேத்திரம் எங்கோ வடக்கே இருந்த இடம் என்பது மாறி, ஏரிக்கரைக்குப் பக்கத்துக் களமே குருக்ஷேத்திரம் ஆனது. கேம் ஆடுகிறவர்கள் தங்கள் உலகத்துக்குப் புது ஊரும் புது வீரனும் சேர்த்துக்கொள்கிறார்களே, அதே வேலையைத்தான் நம் கிராமங்களும் செய்திருக்கின்றன.

பட்டு நெசவில் இருந்து ஒரு ஒப்புமை சொல்லலாம். புடவைக்கு என்ன டிசைன் என்பது தறியில் ஏறும் முன்பே கட்டம் போட்ட தாளில் வரைந்தாகிவிடும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு ஜக்கார்டில் மாட்டிவிடுவார்கள். முந்தானையில் மயில் வருமா, மாங்காய் வருமா என்பதில் நெசவாளிக்கு எந்த மர்மமும் கிடையாது. ஆனால் அட்டையைக் கட்டிக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போக முடியாதே! பாவும் ஊடையும் ஓடி, புடவை வந்தால்தான் உண்டு.

அச்சுப் புத்தகமும் டி.வி.யும்

ரகசியம் உடைந்தால் ஆட்டம் செத்துவிடும் என்றால் கூத்து குறைந்தது மூன்று முறை செத்திருக்க வேண்டும்.

முதலாவது, அச்சு வந்தபோது. கூத்துப் பாட்டும் வசனமும் வாத்தியாரின் மனப்பாடத்திலும் நோட்டிலும்தான் இருந்தன. அதைக் கற்றுக்கொள்ள ஜமாவில் சேர்ந்து பல வருஷம் கிடக்க வேண்டும். பிறகு சென்னைப் பதிப்பாளர்கள் கூத்து நாடகங்களை மலிவுப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள். பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் வெளியிட்ட புத்தகங்கள் திருவிழாக் கடைகளில் விற்றன. பாட்டு முழுக்க யார் கையிலும் கிடைத்தது. கூத்து நின்றுவிடவில்லை. அந்தப் புத்தகங்களையே ஜமாக்களும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டன.

இரண்டாவது, வசனத்தில் பாரதம் வந்தபோது. ராஜாஜியின் 'வியாசர் விருந்து' 1940-களில் கல்கி பத்திரிகையில் வந்தது. புலவர் பாட்டும் பிரசங்கியார் பொருளும் இல்லாமலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் யாரும் முழுக்கதையும் தெரிந்துகொள்ள வழி பிறந்தது.

மூன்றாவது, டி.வி. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் முதல் 1990 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் 94 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஓடியது. அந்த நேரத்தில் தெருவே வெறிச்சோடியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே 1990-ல்தான் செய்யாறு பக்கத்துப் பெருங்கட்டூரைச் சேர்ந்த ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் மற்ற கலைஞர்களோடு சேர்ந்து காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் குழு அதற்கு முன்பே கிராமத்தைத் தாண்டிப் பெரும் பெயர் வாங்கியிருந்தது. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்கு அவர் கூத்து கற்றுக்கொடுத்தார்.

எழுத்திலும் இதே கதைதான். எல்லோருக்கும் தெரிந்த பாரதத்தை வைத்து ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' என்று 26 நாவல்கள் எழுதினார். வாசகர்கள் தினமும் காத்திருந்து படித்தார்கள். பாண்டவர்கள் ஜெயிப்பார்களா என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல!

வெளிநாட்டுக் கற்பனை உலகங்கள்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கேம் உலகத்துக்குத் திரும்புவோம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் ஆட்டம். ஒருவர் கையில் மட்டும் வரைபடம் இருக்கும். மற்றவர்கள் இருட்டில் தடவிக்கொண்டு போக வேண்டும். இங்கே மர்மம்தான் ஆட்டத்தின் உயிர். அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த அறை அவ்வளவுதான். இதை மறுக்க முடியாது.

ஆனால் கிரெக் ஸ்டாஃபோர்டு என்பவர் 1966 முதல் உருவாக்கி வந்த 'குளோராந்தா' உலகத்தில் வேறொரு பிரச்சினை வந்தது. அந்த உலகத்தை வைத்து 1975-ல் ஒரு போர்டு கேமும், 1978-ல் 'ரூன்க்வெஸ்ட்' என்ற விளையாட்டும் வந்தன. ஆடுகிறவர்கள் காலி இடங்களைத் தாங்களே கற்பனையால் நிரப்பி வருஷக்கணக்கில் ஆடினார்கள். பிறகு ஸ்டாஃபோர்டு புதுப் புத்தகம் போடும்போது, இவர்கள் கட்டி வைத்ததெல்லாம் 'தப்பு' என்று ஆகிவிடும்! இதற்கு ரசிகர்கள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி, 'கிரெக் செய்துவிட்டார்' என்ற பொருளில் கிண்டலாகப் பேசிக்கொண்டார்கள். அந்த மனக்குறைக்கு மருந்தாகத்தான் 'உங்கள் குளோராந்தா வேறாக இருக்கலாம்' என்ற கொள்கையும் அங்கே வழக்கத்துக்கு வந்தது.

டோல்கீன் 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் டாம் பாம்படில் யார் என்பதை வேண்டுமென்றே விளக்காமல் விட்டதாக 1954-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஜப்பானின் ஹிடேடாகா மியாசாகி சிறுவனாக இருந்தபோது பாதி மட்டும் புரிந்த ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, மீதியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். 'டார்க் சோல்ஸ்' (2011), 'எல்டன் ரிங்' (2022) கேம்களில் கதையை அப்படியே துண்டு துண்டாகத்தான் கொடுத்தார். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்ப்பதே ஒரு பெரிய கூட்டத்துக்குத் தனி விளையாட்டாகிவிட்டது.

ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்டு இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் அதிகம் ரசித்ததாக அது சொன்னது. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் இதற்கு எதிரான முடிவை வெளியிட்டார்கள். சோதனைச்சாலையிலும் சண்டை தீரவில்லை.

அப்படியானால் எது கெடுக்கிறது?

இதுவரை பார்த்ததை வைத்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1. ஒரே ஒரு கேள்வியை நம்பி நிற்கும் ஆட்டத்தை ரகசியம் உடைந்தால் கெடுத்துவிடலாம். அடுத்த அறையில் என்ன, கொலை செய்தது யார் என்பது மட்டுமே சரக்காக இருந்தால், பதில் தெரிந்ததும் கடை மூட வேண்டியதுதான். ஒரு முறை ஆடவென்றே செய்த ஆட்டங்கள் உண்டு. அவற்றின் ரகசியத்தை மதிப்பதுதான் மரியாதை.

2. திரும்பத் திரும்ப ஆடும் உலகத்துக்கு ரகசியம் உடைவது உரம். கதை தெரிந்த கூட்டம் நுணுக்கத்தைப் பார்க்கும். தெரியாத கூட்டம் கதையை மட்டும்தான் பார்க்கும். நல்ல ஆட்டக்காரருக்கு எந்தக் கூட்டம் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

3. உண்மையான கெடுதல், சொல்லிவிடுவதில் இல்லை. 'இதுதான் சரி, மற்றதெல்லாம் தப்பு' என்று கதவைச் சாத்துவதில் இருக்கிறது. குளோராந்தா ரசிகர்கள் வருத்தப்பட்டது அதற்குத்தான். பாரதத்துக்கு ஒரே சொந்தக்காரர் இல்லாததால் நாம் தப்பித்தோம். வியாசரிடம் இல்லை என்பதற்காக யாரும் போத்துராஜாவைக் கோயில் வாசலில் இருந்து எழுப்பி அனுப்பவில்லை.

மூன்றாவது விஷயத்தில் ஒரு கவலையும் எனக்கு உண்டு. டி.வி. மகாபாரதம் கதையைச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கிருஷ்ணன் என்றால் இந்த முகம்தான், பீஷ்மர் என்றால் இந்தத் தாடிதான் என்று நாடு முழுக்க ஒரே அச்சில் வார்த்துவிட்டது. அந்த அச்சோடு வந்து கூத்தைப் பார்க்கும் பிள்ளைகள், "இது ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்கிறார்கள். ஊருக்கு ஊர் 'ஒரிஜினல்' இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கூத்து ஏன் தேய்கிறது?

'தெரிந்த கதை என்பதால் கூத்து அழிகிறது' என்ற வாதத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவரை நிலைமை தலைகீழ்.

இன்று என் வயதுப் பசங்களில் நிறைய பேருக்குப் பாரதக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். பாண்டவர் ஐந்து பேர் பெயரைச் சொல்வார்கள். பொன்னுருவி யார் என்று கேட்டால் முழிப்பார்கள். மதியப் பிரசங்கப் பந்தலில் வயதானவர்கள்தான் அதிகம். பிரசங்கம் கேட்காதவனுக்கு இரவில் விருத்தம் புரியாது. கட்டியக்காரனின் வேடிக்கையில் பாதி பிடிபடாது. கர்ணன் வாய் திறக்கும் முன்பே பக்கத்துப் பாட்டி ஏன் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார் என்பதும் விளங்காது. அவன் பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் வருகிறது என்று கிளம்பிவிடுகிறான். கதை தெரிந்ததால் சலித்துப்போய் அல்ல, தெரியாததால் பிடி கிடைக்காமல்.

கூத்துக்காரர்களின் வருமானம், விழாச் செலவு, மெல்லிசைக் கச்சேரியின் போட்டி என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. அவற்றை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் கதை தெரிந்த கூட்டம் குறைவது இவை எல்லாவற்றுக்கும் அடியில் நடக்கிறது. காசு வந்தால் ஜமாவை அழைத்துவிடலாம். விஷயம் தெரிந்து உட்காரும் ஆயிரம் பேரை எங்கிருந்து அழைப்பது?

அதனால் ஒரு யோசனை. அடுத்த கோடையில் எங்காவது அக்னி வசந்த விழா நோட்டீஸ் கண்ணில் பட்டால், இரவுக் கூத்துக்கு மட்டும் போகாதீர்கள். மதியமே போய்ப் பிரசங்கப் பந்தலில் உட்காருங்கள். அன்றைய கதையின் ரகசியத்தையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பிப் போங்கள். முடிவு தெரிந்த ஆட்டம் எப்படி இருக்கிறது என்று விடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.